எகிப்தியர் கைக்கோல்கள்

தமிழ் வழக்கிற் கோல் என்னுஞ் சொல் அரசியலைக் குறிக்குங்கால் அதன் நேர்மையே பொருளாகக் கொள்ளப்படும். வளையாதது செங்கோல், வளைந்தது கொடுங்கோல். ஆதலின், நைல் யாற்றங்கரையில் ஆண்ட பண்டை எகிப்திய வேந்தர் படிமங்களை முதன்முறை காணுந் தமிழர் மருளுதல் இயல்பே. அவ்வேந்தர் மார்பின்மேற் கைகளைக் குறுக்காக வைத்து, ஒரு கையில் நுனி நன்கு வளைந்த கோலொன்றும், மறு கையில் மூன்று தொங்கல்களையுடைய சிறுகோலொன்றும் பற்றியிருப்பர். அந்நாட்டில் வளைந்த கோலே ஆட்சிக்கு அடையாளம். அதுவே 'ஆள்வோன்' என்னுஞ் சொல்லை எழுதும் எழுத்துமாம்.

இவ்விரு கோல்களுக்கும் வெகுசனப் புத்தகங்கள் எளிதானதொரு பொருள் கூறும். வளைந்த கோல் அருளுக்கும், தொங்கற்கோல் தண்டத்துக்கும் அறிகுறி. அளியும் தெறலும் ஒருங்கே உடையவன் அரசன் என்பது அப்பொருள். கேட்டற்கு இனிதாகவுள்ள இக்கூற்றின் முற்பகுதி ஒருவாறு பொருந்தும். பிற்பகுதிக்கு எகிப்தியர் நூல்களில் ஆதரவு காண்டல் அரிது. ஒரு நாட்டார் அறிகுறிக்குப் பொருள் காணப் புகுவோர் அந்நாட்டார் எழுதிவைத்த சொல்லை முதலில் நோக்கல் வேண்டும். எகிப்திலோ கோல் கையிற் பற்றும் பொருளாதலோடு எழுத்துமாயிருத்தலின், இந்நெறி வேறெங்கினும் ஆங்கு மிகப் பொருந்துவதாம்.

அவ்வெழுத்தைப் படிக்கும் ஆற்றல் உலகினின்றும் ஒருகால் மறைந்தே போயிற்று. தெற்கெல்லையிலுள்ள பிலே என்னுந் தீவின் கோயிற்சுவரில் கி.பி. 394-ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டதே நாளறியக் கிடைத்த படவெழுத்துச் சாசனங்களுட் கடைசியானது. அதற்கு முன்னரே பிறநாட்டார் அவ்வெழுத்துக்களை ஒலிக்கு உரியனவாகக் கொள்ளாது மறைபொருட் சித்திரங்களாகவே கொண்டனர். கிரேக்க ஆசிரியராகிய புளூட்டார்க்கு, ஓசிரிஸ் என்னுந் தெய்வத்தின் பெயரைக் கண்ணும் கோலும் வரைந்து எழுதுவர் என்று உரைத்து, அதற்கேற்ப விளக்கமுங் கூறிச் சென்றார். எகிப்தியர் பெரும்பான்மையும் அப்பெயரை இருக்கையும் கண்ணும் வரைந்தே எழுதினர். அவை ஒலி குறித்து நின்றனவேயன்றித் தத்துவம் குறித்து நின்றன அல்ல. ஓரப்பொல்லோன் பெயரால் வழங்கும் நூலும் இவ்வாறே ஒவ்வோர் உருவுக்கும் உட்பொருள் கட்டிற்று. ஐரோப்பியப் புலவர் அதனை நம்பிப் பலகாலம் அலைந்தனர். 1822-ஆம் ஆண்டில் பிராஞ்சு அறிஞர் சாம்போலியன் அவ்வெழுத்துக்களின் ஒலிநெறியை வெளிப்படுத்திய பின்னரே கோல்கள் தம் பெயரைத் தாமே கூறத் தொடங்கின.

வளைந்த கோலின் பெயர் ஹெகா என்பது. அது மந்தை மேய்ப்போன் ஆட்டின் காலையோ கழுத்தையோ வளைத்துப் பற்றுதற்குக் கொண்ட தொறட்டியினின்றும் வந்தது என்பதில் ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் ஒருமைப்படுவர். அதன் தொன்மை வியக்கற்பாலது. அபிதோஸ் என்னும் பழம்பதியில், 'யு-ஜே' எனக் குறியிடப்பெற்ற கல்லறையை ஜெர்மானிய அறிஞர் குந்தர் திரையர் 1988-ஆம் ஆண்டு அகழ்ந்தபோது, யானைத் தந்தத்தாலாய ஹெகா கோலொன்று கிடைத்தது. அக்கல்லறை கி.மு. 3200-ஐ ஒட்டியது, எகிப்து முழுவதும் ஒருகுடைக்கீழ் வருதற்கு முற்பட்டது. ஆண்டுத் தங்கியவன் பெயரை ஐயமறக் கூறுதற்கு இயலாதாயினும், அவன் ஆள்வோன் என்பதை அக்கோலே காட்டிவிட்டது. மேய்ப்போன் கைக்கருவி தந்தத்தாற் செய்யப்பட்டவிடத்து அது மேய்த்தற்கன்று என்பது வெளிப்படை. எனினும் வடிவம் மாறவில்லை. பொருளின் மதிப்பு உயர்ந்தும் தொழிலின் நினைவு நீங்காமையே இக்கோலின் சிறப்பென்க.

இக்கோலைப் பற்றிய சொல்லாராய்ச்சி ஒன்று ஈண்டுச் சற்று விரித்துரைக்கத் தக்கது. கி.மு. 1650 முதல் 1550 வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு எகிப்தின் வடபகுதியை ஆசியாவினின்றும் வந்தோர் அவாரிஸ் நகரிலிருந்து ஆண்டனர். கிரேக்கமொழியில் எகிப்திய வரலாறு எழுதிய மனேத்தோ என்னுங் கோயிற்குரு அவர்களை ஹிக்சோஸ் என்றார். அவர் நூல் இறந்துபட்டது. அதனை எடுத்தாண்ட யூத ஆசிரியர் யோசேபசு, ஹிக் என்றால் அரசன், சோஸ் என்றால் ஆயன். ஆகவே ஹிக்சோஸ் 'ஆயர் அரசர்' என்று பிரித்துரைத்தார். இப்பிரிப்பு நெடுங்காலம் நின்றது. ஆயர் கூட்டமொன்று எகிப்தின்மேற் படையெடுத்ததெனக் கதையும் வளர்ந்தது. எகிப்தியச் சாசனங்களைப் படிக்கத் தெரிந்தபின் உண்மை வேறென விளங்கிற்று. கியான் முதலிய அவ்வரசர் தம் முத்திரைகளில் ஹெகா காசுத் என்றே தம்மைக் குறித்துக் கொண்டனர். அதன் பொருள் 'பிறநாடுகளை ஆள்வோன்' என்பதே. சோஸ் என்பது காசுத் என்னுஞ் சொல்லின் திரிந்த பகுதி. அதற்கும் ஆயனுக்கும் யாதோர் இயைபும் இல்லை. ஆயினும் ஒரு வியப்பு நோக்குக. யோசேபசு ஆயனைத் தேடியது பிற்பகுதியில்; ஆயன் கோல் இருந்ததோ அவர் 'அரசன்' என்று கடந்துபோன முற்பகுதியில். ஹெகா என எழுதத் தொறட்டியே வரையப்படும் என்பதை அவர் அறிந்திலர். பிழைபட்ட சொற்பிரிப்பும் உண்மைக்கு அணித்தாகச் சென்று மீளுதல் உண்டு போலும்!

இனி, தொங்கற்கோல். இதனை நெகாகா என்ப. சிறு காம்பின் நுனியில் மூன்று கயிறுகளோ மணிச்சரங்களோ தொங்கும். சவுக்கென்றும், கதிரடிக்குங் கருவியென்றும், ஈயோட்டும் விசிறியென்றும் இதனைப் பலர் பலவாறு கொண்டனர். 1929-ஆம் ஆண்டில் பெர்சி நியூபெரி என்னும் ஆங்கில அறிஞர் வேறொரு கருத்தை வெளியிட்டார். சைப்பிரசு, கிரீட்டு ஆகிய தீவுகளில் ஆட்டிடையர் நறுமணப் பிசின் சுரக்குஞ் செடிகளின்மேல் தோல்வார்கள் பல தொங்குங் கோலை இழுத்து, வாரில் ஒட்டிய பிசினைச் சேர்ப்பர். நெகாகாவும் அத்தகைய இடையர் கருவியே என்பது அவர் கொள்கை. பிறர் இதனை முற்றும் ஏற்றிலர். எனினும், இரு கோல்களும் ஒரு தொழிலாரிடமிருந்தே வந்தன என்னும் அவர் நோக்கு வலியுடையது. வடநாட்டில் புசிரிஸ் நகரின் பழந்தெய்வமாகிய அஞ்சேத்தி இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கியவன். அந்நகரில் ஓசிரிஸ் வழிபாடு பரவியபோது அவன் கோல்கள் ஓசிரிசுக்கு உரியவாயின என்பர் அறிஞர்.

நெகாகா தண்டத்தின் அறிகுறி என்பார்க்குப் பெருந்தடை ஒன்றுண்டு. எகிப்தியர் அடித்து ஒறுத்தலைக் காட்ட விரும்பியவிடத்து நெகாகாவை வரைந்தாரில்லை. அதற்குத் தண்டாயுதம் இருந்தது. ஹிராகன்போலிஸ் என்னும் இடத்திற் குவிபெல், கிரீன் என்போர் 1897-98-இல் அகழ்ந்தெடுத்த நார்மர் பலகையே இதற்குச் சான்று. கி.மு. 3000-ஐ அடுத்த அப்பலகையின் ஒருபுறத்தில் அரசன் வீழ்ந்த பகைவனது குடுமியை ஒரு கையாற் பற்றி, மறு கையால் பேரிக்காய் வடிவான தலையுடைய தண்டினை ஓங்குகின்றான். ஆண்டு நெகாகா இல்லை. மறுபுறத்தில், வெற்றிக்குப்பின் கொடிகள் முன்செல்ல நடந்துவருகின்றான். அங்குத்தான் நெகாகா தோன்றுகின்றது. போர்க்களத்தில் இல்லாது விழாவில் வருங்கருவி தண்டத்தைக் குறிக்கும் என்றல் எவ்வாறு? பகைவனை அடிக்கும் அவ்வுருவம் பின் மூவாயிரம் ஆண்டுகள் கோயிற்சுவர்களில் மாறாது வரையப்பட்டு, உரோமைச் சக்கரவர்த்திகளையும் அவ்வாறே எழுதும் வரை நீண்டது. அத்துணை நெடுங்காலமும் ஓங்கிய கையிலுள்ளது தண்டே, வாளே, கோடரியே. நெகாகா அன்று.

மூன்றாவது கோல் செகெம். இது துடுப்புப் போன்ற தட்டையான தலையையும், அதன்கீழ் மலர்விரிந்தாற்போன்ற பகுதியையும், குறுகிய காம்பையும் உடையது. செகெம் என்னுஞ் சொல்லுக்கு வலிமை என்பது பொருள். ஆயின் இதே உருவம் கெரெப் என்றும், அபா என்றும் படிக்கப்படும். முன்னது நடத்துதலையும் பின்னது கட்டளையையும் குறிக்கும். ஓருருவம் மூன்று சொற்களுக்கு நிற்றல் எழுத்தின் குறையன்று. வலிமை, ஏவல், கட்டளை என்பன ஒரு கையிலுள்ள ஒரு கோலிலேயே காணப்பட்டன என்பதாம். மெம்பிஸ் நகரில் பித்தா என்னுந் தெய்வத்தின் தலைமைக்குரு 'கம்மியரை நடத்துவோருள் முதல்வன்' என்னும் பட்டம் பூண்டவன். அப்பட்டத்தின் நடுவிலும் இக்கோலே நிற்கும்.

செகெம் அரசனுக்கே உரியதாக வைக்கப்படவில்லை. மூன்றாம் அரசமரபினனாகிய ஜோசரின் காலத்தில் வாழ்ந்த ஹெசிரே என்னும் அதிகாரியின் மரப்பலகைகள் சக்காராவிற் கிடைத்தன. அவன் எழுதுகோற் பெட்டியோடு நெடுங்கோலும் செகெமும் தாங்கி நிற்கின்றான். எழுத்தன் ஒருவன் எழுதுங்கருவியையும் ஏவுங்கருவியையும் ஒருங்கு தாங்கும் அவ்வுருவத்தில் எகிப்திய அரசியல் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். சக்காராவிலேயே 1860-ஆம் ஆண்டு மரியெத் என்பவர் கண்டெடுத்த காஅபேர் என்பவனது மரப்படிமத்தைக் கூலியாட்கள் கண்டவுடன், 'நம் ஊர்த்தலைவர்!' என்று கூவினர். அவ்வூர்த்தலைவர் முகச்சாயல் அதில் அத்துணை அமைந்திருந்தது. அன்றுமுதல் 'ஊர்த்தலைவன்' என்னும் பெயரே அதற்கு நிலைத்தது. வலக்கையிற் செகெம் இருந்திருத்தல் கூடும். அஃது இன்றில்லை, இடக்கைத் தடியும் பிற்காலத்தார் பொருத்தியதே. கோல் போயும் அதிகாரம் முகத்தில் நின்றது.

செகெமுக்கு மற்றுமொரு தொழிலுண்டு. பலிப்பொருள்களின்மேல் இதனை நீட்டி அவற்றைத் தெய்வத்துக்கு உரியனவாக்குவர். துத்தங்காமன் கல்லறையிற் கிடைத்த பொன்வேய்ந்த செகெமின் தலைப்பகுதியில், கட்டப்பட்ட காளைகளும் அறுக்கப்பட்ட காளைகளும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருத்தல் இதனைக் காட்டும். ஆகவே ஏவல் என்பது குடிகளை ஏவுதல் மட்டுமன்று. படைக்கப்பட்டதைச் சேரவேண்டிய இடத்துச் சேர்ப்பிக்கும் ஆணையும் அதனுள் அடங்கும்.

இச்சொல்லின் வரலாற்றிலே உயிர்நிலையான பகுதி இரண்டாம் அரசமரபின் இறுதியில் நிகழ்ந்தது. அரசர் தம் பெயரை அரண்மனை முகப்புப் போன்ற கட்டமொன்றில் எழுதி, அதன்மேல் பருந்துருவான ஹோரஸ் தெய்வத்தை அமைப்பது பழைய வழக்கு. பெரிப்சன் என்பவன் பருந்தை நீக்கிச் சேத் தெய்வத்தின் விலங்குருவை அமைத்தான். ஹோரசும் சேத்தும் பகைத்தெய்வங்கள்; ஆகவே நாடு பிளவுபட்டதென்று பலர் கருதுவர். பின்வந்தவன் முதலிற் காசெகெம், 'வலிமை தோன்றிற்று' என்று பெயர்கொண்டு பருந்தொன்றையே மேல்வைத்தான். பிறகு, கி.மு. 2700-ஐ அடுத்த காலத்தில், காசெகெம்வி என்று அப்பெயரை மாற்றினான். இருமையைக் குறிக்கும் ஈறு ஒன்றே சேர்ந்தது. பொருளோ 'இரு வலிமைகளும் தோன்றின' என்றாயிற்று. எழுத்தில் ஒரு செகெம் இருந்தவிடத்து இரண்டு செகெம் நின்றன. கட்டத்தின்மேல் ஹோரசும் சேத்தும் எதிரெதிர் நின்றனர். 'இரு தெய்வங்களும் தன்னுள் அமைதியுற்றன' என்பது அவன் நீண்ட பெயரின் எஞ்சிய பகுதி. உள்நாட்டுக் கலகமொன்றின் தீர்வு ஒரு பெயரீற்றாலும் ஒரு கோலைக் கூட்டி எழுதியதாலும் அறிவிக்கப்பட்டது. வென்றவன் மற்றவன் கோலை முறித்தெறிந்திலன். தன் கோலின் பக்கத்தில் வைத்தான்.

அம்மன்னனது மெய்க்கோலும் கிடைத்துள்ளது. 1901-ஆம் ஆண்டில் பெற்றி என்னும் அறிஞர் அபிதோசில் அவன் கல்லறையை ஆராய்ந்தபோது, செம்மணிக்கல்லை உருளைகளாகக் கடைந்து, செம்புக்கம்பியிற் கோத்து, இடையிடையே பொற்பட்டைகள் இட்ட கோல் வெளிப்பட்டது. அது பாஸ்டன் நகரக் கலைக்கூடத்திற் சேர்ந்தது. கொள்ளையர் பலமுறை புகுந்த கல்லறையில் அஃது எஞ்சியது தற்செயலே.

இனி, தெய்வங்களின் கோலாகிய வாஸ். இஃது ஆளுயரமான நேர்க்கோல். அடி கவையாகப் பிளந்திருக்கும். தலை நீண்ட முகமும் நிமிர்ந்த செவிகளுமுடைய விலங்கொன்றின் தலையாகும். ஆட்சி, மேலாண்மை என்பன அதன் பொருள். கோயிற்சுவர்களில் ஆண்தெய்வங்கள் பெரும்பாலும் இதனையே ஊன்றி நிற்கும். முதலாம் அரசமரபினனாகிய ஜெத் என்பவனது தந்தச்சீப்பில், விரிந்த சிறகுகள் வானமாக அமைய, அவற்றை இருபுறமும் இரண்டு வாஸ் கோல்கள் தாங்குகின்றன. சிறகின்மேல் ஓடத்திற் பருந்து செல்கின்றது. கீழே அரசன் பெயர். விரலளவான அச்சீப்பில் உலகமைப்பு முழுவதும் காட்டப்பட்டது. அரசன் பெயர் கோல்களின் கீழிருத்தல் நோக்கத்தக்கது. வானத்தைத் தாங்குவது அவன் கையன்று.

அரசனுக்கு வாஸ் எவ்வாறு வரும்? தெய்வம் கொடுக்க வரும். தெய்வம் தன் கோலை முன்னே நீட்ட, அதன் தலையில் அங்க் எனப்படும் உயிர்க்குறியும் சேர்ந்து அரசன் மூக்கருகே நிற்றலைச் சுவர்தோறும் காணலாம். மூச்சாக உட்கொள்ளப்படுவதே ஆட்சி என்பது அச்சித்திரத்தின் கருத்து. அரசர் பெயர்க்குப் பின் 'உயிரும் நிலைபேறும் ஆட்சியும் கொடுக்கப்பெற்றவன்' என எழுதுதல் மாறாத வாய்பாடு. கொடுக்கப்பெற்றவன் என்னுஞ் சொல்லைக் கவனியாதார் எகிப்திய வேந்தரைத் தம்மையே தெய்வமாக்கிக் கொண்ட செருக்கரென்று எளிதிற் கூறிவிடுவர். அவர் செருக்குக்குக் குறைவில்லை. ஆயினும் அவர்தம் எழுத்தர், மன்னன் பெயரை எழுதியவுடன் அவன் பெற்றுக்கொண்டவன் என்பதையும் எழுதாது விட்டிலர். மெம்பிசிலுள்ள பித்தாவின் கோல் இன்னுந் தெளிவு. வாஸ், அங்க், நிலைபேற்றுக் குறியாகிய ஜெத் தூண் ஆகிய மூன்றும் அதில் ஒன்றாய் இணைந்திருக்கும். அரசனுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுவன அனைத்தும் அங்கு ஒரே கோலில் உள்ளன.

வாசின் தலை சேத்தின் விலங்குத்தலையை ஒத்திருத்தல் சிந்திக்கற்பாலது. சேத் ஓசிரிசைக் கொன்றவன். புயலுக்கும் பாலைக்கும் கலகத்துக்கும் உரியவன். அவன் சாயலுடைய கோலை ஏனைத் தெய்வங்கள் அனைத்தும் பற்றியிருக்கின்றன. அடக்கற்குரிய வலிமை அடக்குவோர் கையிற் கோலாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும். சேத்துக்குரிய நக்காதாக் கோயிலிலேயே மிகப்பெரிய வாஸ் கிடைத்தது. பதினெட்டாம் மரபின் இரண்டாம் ஆமன்ஹோதெப் பெயர் பொறித்த அது, படிகமணற் பொடியைப் பிசைந்து சுட்டு நீலமெருகு ஏற்றிய பொருளாலாயது, உயரம் ஏழடி. துண்டுதுண்டாகக் கிடைத்ததை ஒட்டி இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு காட்சிச்சாலையில் நிறுத்தினர். எவர் கையும் பற்றுதற்கு அமைந்ததன்று அக்கோல். கோயிலுக்கென்றே செய்யப்பட்டது.

தீப்ஸ் என்று கிரேக்கர் அழைத்த தென்றலைநகரின் எகிப்தியப் பெயர் வாசெத். அப்பெயரை இறகும் நாடாவும் கட்டிய வாஸ் கோலால் எழுதினர். மூன்றாம் ஆமன்ஹோதெப் தன் பெயரோடு 'ஹெகா வாசெத்', வாசெத்தை ஆள்வோன், என்று சேர்த்துக்கொண்டான். ஆயன் தொறட்டியும் தெய்வத்தின் கோலும் அவன் பெயரில் அடுத்தடுத்து நின்றன.

பெண்தெய்வங்கள் பற்றுவது பெரும்பாலும் வாஜ் எனப்படும் நாணற்பூங்கோல். பசுமை என்பது அதன் பொருள். செகெம் என்னுஞ் சொல்லினின்றே பெயர்பெற்ற சிங்கமுகத் தேவியாகிய செக்மெத், 'வலியள்' என்னும் பொருளினள். நிற்கும் படிமங்களில் அவளும் செகெமைப் பற்றாது அப்பசுங்கோலையே பற்றுகின்றாள். வலிமையே உருவானவளுக்கு வலிமையைக் குறிக்கும் கோல் எதற்கு?

கோல்களின் முறை இருகால் அசைந்தது. ஹட்செப்சுத் என்னும் அரசி கி.மு. பதினைந்தாம் நூற்றாண்டில் வேந்தராகவே முடிசூடினாள். தேர் எல் பகாரி என்னுமிடத்து அவள் எடுத்த கோயிலில் ஓசிரிஸ் வடிவிலமைந்த அவள் படிமங்கள் ஒரு கையில் ஹெகாவையும் அங்க்கையும், மறு கையில் நெகாகாவையும் வாசையும் சேர்த்துப் பற்றியுள்ளன. அரசர் கோல்களும் தெய்வக் கோல்களும் நான்கும் அவள் கையில். ஐயத்துக்கிடமான உரிமையுடையோர் அடையாளங்களை மிகுத்துக் கொள்ளுதல் எந்நாட்டிலும் உண்டு.

மற்றவன் அக்கநாதன். அவன் ஞாயிற்று வட்டமாகிய ஆத்தனை அன்றிப் பிற தெய்வங்களை ஒதுக்கி, ஆமன் பெயரையும் சுவர்களினின்றும் அழிப்பித்தான். வட்டத்துக்கு உடலில்லை, கோலூன்றி நிற்றல் அதற்கு இயலாது. அதன் கதிர்கள் நுனியிற் கைகளாகி உயிர்க்குறியை நீட்டும். ஆனால் கர்னக்கில் 1925-ஆம் ஆண்டு முதல் வெளிப்பட்ட அவன் பேருருவங்களோ மார்பிற் குறுக்கிட்ட கைகளில் ஹெகாவையும் நெகாகாவையும் விடாது பற்றியுள்ளன. ஓசிரிசின் பெயரை அவன் ஒதுக்கினான், கோலை ஒதுக்கினானல்லன். தெய்வத்தை உருவற்றதாக்கிய சீர்திருத்தத்தில் கோல்பற்றிய உருவமாக எஞ்சியவன் அரசனே. அவன் சமயம் அவனோடு முடிந்தமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

இறந்தோர் பக்கத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. ஐந்தாம் மரபின் உனாஸ் முதலானோர் பிரமிடுகளின் உட்சுவரிற் பொறித்த மந்திரங்கள், இறந்த அரசன் ஓசிரிசின் இருக்கையில் அபா கோலோடு அமர்ந்து ஆணையிடுவதைக் கூறும். அவை அரசனுக்கே உரியன. பன்னிரண்டாம் மரபளவில் அந்நிலை மாறிற்று. இலிஷ்த்து என்னுமிடத்தில் 1907-இற் கண்ட செனெப்திசி என்னும் மாதின் கல்லறை அதற்கு நல்ல சான்று. அவள் அரசியல்லள். எனினும் அவள் பெட்டியில் தடிகளும் தண்டும் நெகாகாவும் வைக்கப்பட்டிருந்தன. இறந்தோர் ஒவ்வொருவரும் ஓசிரிஸ் ஆவர் என்னுங் கொள்கை வலுத்தபோது, ஓசிரிசின் கோல்களும் அவர்க்கு உரியவாயின. உயிரோடிருக்கும்போது பற்றவொண்ணாத கோலை இறந்தபின் எளியரும் பற்றலாம் என்றாயிற்று. பெருவேந்தர் நிலையோ வேறாயிற்று. 1881-இல் தேர் எல் பகாரியின் மறைவறையினின்றும் எடுக்கப்பட்ட அரசர் உடல்களிற் பலவற்றின் கைகள், இரண்டாம் இராமசேசின் கைகள் உட்பட, மார்பிற் குறுக்காக மடங்கியுள்ளன. கோல்களைப் பண்டைக் கள்வர் கொண்டுபோயினர். பற்றிய கைமடக்கம் எஞ்சிற்று.

கோலைக் குறிக்கும் மற்றுஞ் சில வழக்குகள் அரண்மனைக்குப் புறம்பேயும் உள. நடைத்தடியின் பெயர் மெது. சொல் என்பதற்கும் எகிப்தியர் மெது என்றே கூறினமையின், தடியை வரைந்தே சொல் என்பதை எழுதினர். தம் படவெழுத்துக்கு அவர் இட்ட பெயர் 'தெய்வத்தின் சொற்கள்'. அதனை எழுதுங்கால் தடியொன்று வரையப்படும். இஃது ஒலியொப்புமையால் வந்தது. இதன்மேல் தத்துவம் கட்டுதல் ஓரப்பொல்லோன் வழிக்கே திரும்புதலாகும். மாறாக, 'முதுமைத்தடி' என்னும் வழக்கு உண்மையான உவமை. மூப்படைந்த அதிகாரி தன் மகனைத் துணையாக நியமித்துக் கொள்ளுங்கால் அவனை முதுமைத்தடி என்பர். அமைச்சன் பித்தாஹோதெப் பெயரால் வழங்கும் அறவுரை, அவன் அரசனிடம் அத்தகைய தடியொன்று வேண்டுவதோடு தொடங்குகின்றது. காகூனிற் கிடைத்த பன்னிரண்டாம் மரபுப் பத்திரமொன்றும் தந்தையின் பதவியை மகனுக்கு இவ்வாறே மாற்றுகின்றது. ஊன்றுகோல் என்று மகனைக் கூறுந் தமிழர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1922-ஆம் ஆண்டு நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் திறந்த துத்தங்காமன் கல்லறையில் இக்கோல்களனைத்தும் ஒருங்கே காணக் கிடைத்தன. அரசர் பயன்படுத்திய ஹெகாவும் நெகாகாவும் மெய்ப்பொருளாக எஞ்சியவை ஆங்கிருந்தவையே. அவை உலோகக் கம்பியிற் பொன்னும் நீலக்கண்ணாடியும் மாறிமாறிக் கோத்தவை. காசெகெம்வியின் கோலைச் செய்த முறையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்குப் பின்னும் கையாளப்பட்டமை காண்க. சிறிய நெகாகாவில் துத்தங்காத்தன் என்னும் பழம்பெயரே பொறிக்கப்பட்டுள்ளது. சிறுவனாக அரியணை ஏறியபோது செய்தது போலும். பொன்னாலாய உட்பெட்டி 110 கிலோ எடையது. அதன்மேலும், அதனைச் சூழ்ந்த இரு பெட்டிகளின்மேலும் அவன் உருவம் இவ்விரு கோல்களையும் மார்பிற் சேர்த்துள்ளது.

தடிகள் மட்டும் ஏறத்தாழ 130. சிலவற்றின் வளைந்த நுனியில் ஆசியனும் நூபியனுமாகிய பகைவர் உருவங்கள் கட்டுண்டு கிடக்கின்றன. நடக்குந்தோறும் அவர் தலை கைக்குள்ளோ மண்மேலோ அழுந்தும். கருங்காலி, தந்தம், பொன், வெள்ளி எனத் தச்சரும் தட்டாரும் தம் திறமெல்லாம் காட்டியவை பல. அவற்றிடையே ஒன்று வெறும் நாணல். அதற்குப் பொன்னாற் பூணிட்டு, கண்ணாடி பதித்து, எழுத்தும் பொறித்துள்ளனர். அவ்வெழுத்து அந்நாணலை மன்னன் தன் கையாலேயே வெட்டினான் என்று கூறுகின்றது.